பூவுக்கும் பிஞ்சுக்கும் நடுவே

தை மாதம், காலை ஒன்பது மணி. கிருஷ்ணகிரி பக்கம், போச்சம்பள்ளியிலிருந்து சந்தூர் போகும் வழியில் சாலையின் இரண்டு பக்கமும் மாந்தோப்பு. இலை தெரியாத அளவுக்குப் பூ. தாழ்ந்த கிளையில் ஒரு பூங்கொத்தைக் கிட்டத்தில் பார்த்தால், அதிலேயே ஆயிரத்தைத் தொடும் பூக்கள். ஒவ்வொன்றும் அரை சென்டிமீட்டர் அகலம்தான். இதழின் அடியில் மஞ்சள் வரி, நடுவில் தேன் கசியும் சின்ன மேடை, அதன் ஓரத்தில் இளஞ்சிவப்புத் தலையோடு ஒரே ஒரு மகரந்தத் தாள். பச்சையாக மினுங்கும் ஈ ஒன்று அந்த மேடையில் வாய் வைத்து நக்குகிறது. அதன் நெஞ்சு மயிர் மகரந்தத்தில் உரசுகிறது. அடுத்த பூவுக்கு நகர்கிறது. அங்கே சூலகமுடி நிமிர்ந்து நிற்கிறது. அந்த நேரம் பார்த்து நாலு மரம் தள்ளி பவர் ஸ்பிரேயர் உறுமத் தொடங்குகிறது. டிராக்டர் தொட்டியிலிருந்து ஹோஸ் நீள்கிறது. ஸ்பிரே கன்னிலிருந்து மருந்து வெண்புகையாகக் கிளம்பி மரத்தை மூடுகிறது.

இரண்டு மாதம் கழித்து அதே தோப்பில் கேட்கும் பேச்சு மா விவசாயிகள் எல்லோருக்கும் பழகியது: பூ நன்றாகத்தான் வந்தது, காய் நிற்கவில்லை. காரணம் கேட்டால் உரம், தண்ணீர், பனி, தத்துப்பூச்சி, சாம்பல் நோய் என்று வரிசையாகச் சொல்வார்கள். எதுவும் பொய் இல்லை. ஆனால் மரம் பூத்ததற்கும் பிஞ்சு பிடித்ததற்கும் நடுவே ஒரு காரியம் நடந்தாக வேண்டும். பெரும்பாலான பயிர்களில் அது சில மணி நேரத்துக்குள் நடக்க வேண்டும். விதைக்கும் உரத்துக்கும் பம்புசெட்டுக்கும் கணக்கு எழுதும் நம் வேளாண்மை, அந்தச் சில மணி நேரத்தை எந்தக் கணக்கிலும் எழுதுவதில்லை. மகரந்தச் சேர்க்கையும் தண்ணீரைப் போல ஓர் இடுபொருள்தான். அதைத் தானாக நடக்கும் விஷயம் என்று விட்டுவைத்ததற்கு விவசாயி பணத்தாலும் உழைப்பாலும் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

பூவுக்குள் நடப்பது

செடிக்கும் ஆண், பெண் உண்டு என்பதைச் சோதனை செய்து நிறுவியவர் ஜெர்மனியின் ரூடால்ஃப் காமெராரியஸ். ஆமணக்கில் ஆண் பூக்களைக் கிள்ளி எடுத்துவிட்டால் முத்து பிடிப்பதில்லை என்று 1694-ல் எழுதினார். மகரந்தம் சூலகமுடியில் ஒட்டியதும் அதிலிருந்து ஒரு குழாய் முளைத்துக் கீழே சூலை நோக்கி இறங்குகிறது. அந்தக் குழாய் இரண்டு ஆண் அணுக்களைக் கொண்டுபோகிறது. ஒன்று முட்டையோடு சேர்ந்து கருவாகிறது. இரண்டாவது, பக்கத்திலிருக்கும் மைய அணுவோடு சேர்ந்து கருவுக்கு உணவாகும் திசுவை உண்டாக்குகிறது. இந்த இரட்டைச் சேர்க்கையை 1898-ல் கண்டு சொன்னவர் ரஷ்யாவின் செர்கெய் நவாஷின். நாம் தட்டில் போட்டுச் சாப்பிடும் சோறு அந்த இரண்டாவது சேர்க்கையில் விளைந்தது. இளநீரும் தேங்காய்ப் பருப்பும் அதுவேதான். இந்தத் துறையில் இந்தியாவுக்குப் பெரிய பெயர் உண்டு. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பஞ்சானன் மகேஸ்வரியின் குழு, செடியின் சூலையும் மகரந்தத்தையும் சோதனைக் குழாயிலேயே சேர்த்து விதை உண்டாக்கிக் காட்டியது 1962-ல்.

விவசாயிக்கு முக்கியமான பாடம் இதற்கு அடுத்த கட்டத்தில் இருக்கிறது. பழத்தைப் பருக்க வைப்பது யார்? மரம் சத்து அனுப்புகிறது, உண்மை. எந்தப் பிஞ்சுக்கு அனுப்பலாம் என்று தீர்மானிப்பதில் விதைக்குப் பெரும் பங்கு இருக்கிறது. ஸ்ட்ராபெரி பழத்தின் மேல்தோலில் ஒட்டியிருக்கும் சின்னச் சின்ன விதைகளை பிரெஞ்சு ஆய்வாளர் ழான் நிட்ச் 1950-ல் பிஞ்சிலேயே ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். விதை எடுத்த பக்கம் சதை வளரவில்லை. விதை இருந்த பக்கம் மட்டும் பருத்தது. விதையை எடுத்த இடத்தில் ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கியைத் தடவினால் மறுபடி வளர்ந்தது. கரு உருவான விதைதான் தன்னைச் சுற்றியுள்ள சதைக்கு வளரச் சொல்லி உத்தரவு அனுப்புகிறது. விதை இல்லாத பக்கம் சத்துக்குப் பஞ்சமில்லாமலேயே ஒடுங்கிப்போகிறது. ஒரு பக்கம் கோணிய வெள்ளரி, ஒரு முனை சூம்பிய தர்பூசணி, பாதி பருத்துப் பாதி சுருங்கிய சீத்தாப்பழம் எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் இதே கதைதான். சந்தையில் இவை இரண்டாம் ரகம், மூன்றாம் ரகம் என்று ஒதுக்கப்படுகின்றன. அந்த விலை இறக்கத்துக்கான காரணம் பூவிலேயே நடந்து முடிந்துவிட்டது.

■ பெட்டிச் செய்தி: கதிர் சொல்லும் கணக்கு
மக்காச்சோளக் கதிரின் நுனியில் தொங்கும் மீசையின் ஒவ்வொரு இழையும் உள்ளே ஒரு மணியோடு இணைந்திருக்கிறது. ஆண் பூவிலிருந்து காற்றில் வந்த மகரந்தம் எந்த இழையில் விழுந்ததோ அந்த மணி மட்டும் பால் பிடிக்கும். அடுத்த முறை சோளக் கதிர் வாங்கி மட்டையை உரிக்கும்போது இடையிடையே பல் விழுந்தது போல இடைவெளி தெரிந்தால், அத்தனை இழைகளுக்கு மகரந்தம் கிடைக்கவில்லை, அல்லது கிடைத்தும் கூடவில்லை என்று பொருள்.

செம்பனை கற்பித்த பாடம்

மகரந்தச் சேர்க்கையை இடுபொருள் என்று சொல்வது மிகையாகப் படலாம். மலேசியாவின் செம்பனைத் தோட்டங்களுக்கு அது நேரடியாக லாப நஷ்டக் கணக்காகவே வந்தது. செம்பனையின் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. மலாயாவில் வணிகத் தோட்டமாக 1917-ல் நடத் தொடங்கினார்கள். மரம் தழைத்தது, பூத்தது, ஆனால் குலைகள் சரியாக நிரம்பவில்லை. செம்பனை காற்றில் மகரந்தம் பரப்பும் மரம் என்றே தோட்டக்காரர்கள் நம்பினார்கள். ஆகவே கைச்சேர்க்கைக்கு ஆள் வைத்தார்கள். ஆண் பூவிலிருந்து மகரந்தத்தைச் சேகரித்து, டால்கம் பவுடரில் கலந்து, பெண் பூ விரிந்திருக்கும் மரங்களைத் தேடிப் போய் ஊதிவிடுவது தோட்டத்தின் அன்றாட வேலைகளில் ஒன்றாக இருந்தது. அந்தக் காலத்து மலாயாத் தோட்டத் தொழிலாளர்களில் தமிழர்கள் பெரும் பங்கு என்பது வாசகர்களுக்குத் தெரிந்ததே.

யூனிலீவர் நிறுவனத்தின் லெஸ்லி டேவிட்சன் கேமரூனில் வேலை பார்த்தவர். அங்கே செம்பனைப் பூக்களை வண்டுகள் மொய்ப்பதையும், மலேசியாவில் அந்த வண்டு இல்லாததையும் கவனித்தார். பாகிஸ்தானைச் சேர்ந்த பூச்சியியலாளர் ரஹ்மான் சையத் கேமரூனில் ஆராய்ந்து உறுதி செய்தார்: செம்பனைக்கு மகரந்தம் சுமப்பது முக்கியமாக ஒரு சின்னக் கூன்வண்டு. ஆண் பூ சோம்பு போன்ற வாசனை விடும். வண்டு அங்கேதான் தின்று, முட்டையிட்டு வளர்கிறது. பெண் பூவும் அதே வாசனையை விட, வண்டு ஏமாந்து அங்கே போய் இறங்குகிறது, உடம்பில் ஒட்டிய மகரந்தத்தோடு. அந்த வண்டு வேறு பயிர்களைத் தாக்காது என்று சோதித்த பிறகு 1981-ல் மலேசியத் தோட்டங்களில் விட்டார்கள். குலைகள் நிரம்பின, கைச்சேர்க்கை வேலை சீக்கிரத்திலேயே தேவையற்றுப் போனது. பின்னாளில் இந்தியாவுக்கும் அந்த வண்டு வந்து, முதலில் கேரளத்தில் விடப்பட்டது.

இந்தக் கதையில் இரண்டு விஷயங்களை அழுத்திச் சொல்ல வேண்டும். மலேசிய மண்ணும் மழையும் உரமும் அறுபது வருடத்துக்கு மேல் எந்தக் குறையும் இல்லாமல் இருந்தன. குறை ஒரு பூச்சியில் இருந்தது, அதைக் குறை என்று யாரும் பட்டியலில் எழுதவில்லை. இரண்டாவது, அங்கே தேனீப் பெட்டி கொண்டுபோய் வைத்திருந்தால் இந்தப் பலன் வந்திருக்காது. எந்தப் பூவுக்கு எந்த உயிர் என்பது அந்தப் பூவின் உடலமைப்பில் தீர்மானமாகியிருக்கிறது.

■ பெட்டிச் செய்தி: எந்தப் பூவுக்கு யார்?
மா: ஈக்களே முக்கியம்; சிறு தேனீ, கொசுத்தேனீ, எறும்பு, குளவி கூடவே. தைவானில் மாந்தோப்புகளில் மீன் கழிவு வைத்து ஈக்களைப் பெருக்குகிறார்கள்.
முருங்கை: மரத்தைத் துளைத்துக் கூடு கட்டும் பெரிய கருவண்டுத் தேனீ.
கத்தரி, தக்காளி: மகரந்தம் நுனியிலுள்ள சின்ன வழியாக மட்டும் வெளியே வரும். உடம்பை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்க்கத் தெரிந்த தேனீக்களால்தான் அதை நன்றாக எடுக்க முடியும். பெட்டித் தேனீக்கு அது தெரியாது.
சீத்தா: பூவுக்குள் நுழையும் பொடி வண்டுகள்.
ஏலம்: அடுக்குத் தேனீயும் மலைத்தேனீயும். பூ ஒரு நாள்தான்.
தர்பூசணி, பூசணி: தேனீ. பெண் பூ ஒரு காலை மட்டும் விரியும்.
பப்பாளி (ஆண், பெண் தனித்தனியான ரகங்கள்): இருபது பெண் மரத்துக்கு ஓர் ஆண் மரமாவது விட்டுவைக்க வேண்டும்.

கைக்கு வந்த வேலை

பூச்சி செய்யும் வேலைக்கு என்ன மதிப்பு என்று தெரிய வேண்டுமானால், அதே வேலையை மனிதர் செய்யும் இடங்களைப் பார்த்தால் போதும். பேரீச்சையில் இது நாலாயிரம் வருடப் பழக்கம். பாபிலோனிய அரசன் ஹம்முராபியின் சட்டத்தில் தோட்டக்காரரிடம் பேரீச்சை மரங்களைச் சேர்க்கை செய்ய ஒப்படைப்பது பற்றித் தனி விதியே இருக்கிறது. தருமபுரியில் பேரீச்சை வைத்திருப்பவர்களும் ஆண் பாளையை வெட்டிப் பெண் பாளையில் செருகித்தான் காய் பிடிக்க வைக்கிறார்கள். வெனிலாவின் கதை இன்னும் கனமானது. மெக்சிகோவிலிருந்து கொண்டுபோன அந்தக் கொடி ரெயூனியன் தீவில் பூத்துப் பூத்து வீணானது. 1841-ல் எட்மண்ட் அல்பியஸ் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன் ஒரு மெல்லிய குச்சியாலும் கட்டைவிரலாலும் அந்தப் பூவைச் சேர்க்கை செய்யும் முறையைக் கண்டுபிடித்தான். உலகத்தின் வெனிலா வியாபாரம் இன்றும் பெரும்பாலும் அவன் கண்ட வழியில்தான் நடக்கிறது. அவனோ 1880-ல் வறுமையில் இறந்தான்.

நமக்கு மிக அருகிலுள்ள உதாரணம் பருத்தி விதை. உலகின் முதல் வணிகக் கலப்பினப் பருத்தி ரகமான எச்-4 குஜராத்தின் சூரத்தில் 1970-ல் வெளியானது. கலப்பின விதைக்கு, தாய்ச் செடியின் மொட்டிலுள்ள மகரந்தப் பையை மாலையில் நகத்தால் கிள்ளி நீக்க வேண்டும். மறுநாள் காலையில் தந்தைச் செடியின் பூவைக் கொண்டுவந்து சூலகமுடியில் தேய்க்க வேண்டும். ஒவ்வொரு மொட்டுக்கும் இந்த இரண்டு வேலை, வாரக்கணக்கில் தினமும். ஆந்திரத்திலும் குஜராத்திலும், தமிழ்நாட்டில் சேலம், தருமபுரி பக்கத்திலும் இந்த வேலைக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்ட சிறுமிகளைக் கொண்டுவந்தது பலமுறை வெளிச்சத்துக்கு வந்த விஷயம். உயரம் குறைந்த செடி, சின்ன விரல், குறைந்த கூலி என்பதுதான் அவர்களைத் தேர்ந்தெடுத்த நியாயம். ஒரு தேனீயின் காலை நேர வேலை மனிதக் கைக்கு வந்தால், அந்தக் கை யாருடையதாக ஆகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் ஹான்யுவான் என்ற வட்டாரம் பேரிக்காய்க்குப் பெயர் பெற்றது. அங்கே விவசாயிகள் மூங்கில் குச்சியில் கோழி இறகு கட்டிக்கொண்டு மரத்தின் மேல் ஏறி ஒவ்வொரு பூவாகத் தொட்டு வைக்கிறார்கள். தேனீ அழிந்ததால்தான் இப்படி என்று உலகம் முழுக்கச் செய்தி பரவியது. உண்மை அதைவிடச் சிக்கலானது. அவர்கள் விரும்பி நட்ட ரகம் தன் மகரந்தத்தால் காய்க்காது. வேறு ரக மரங்களைத் தோட்டத்தில் போதுமான அளவு விடவில்லை. பூப் பருவத்தில் மருந்து அடித்ததால் தேனீ வளர்ப்போர் பெட்டி வைக்க மறுத்தார்கள். மூன்றும் சேர்ந்து விவசாயியை மரத்தில் ஏற்றின. ஆள்கூலி மலிவாக இருந்தவரை சமாளித்தார்கள். கூலி ஏறியதும் பலர் வேறு பயிருக்கு மாறினார்கள். கையால் செய்வது ஒரு மாற்று வழிதானே என்று கேட்பவர்களுக்கு இந்த முடிவே பதில்.

மருந்து அடிக்கும் மணி

மறுபடி மாந்தோப்புக்கு வருவோம். ஒரு கொத்தில் ஆண் பூக்களும் இருபால் பூக்களும் கலந்து இருக்கின்றன. காயாகக்கூடியவை இருபால் பூக்கள் மட்டுமே. ஐந்து மகரந்தத் தாள் இருக்க வேண்டிய இடத்தில் பெரும்பாலும் ஒன்றுதான் வேலை செய்யும். பூ விடியலுக்கு முன்னும் பின்னும் விரிகிறது. மகரந்தப் பை காலை எட்டு மணியிலிருந்து நண்பகல் வரை வெடிக்கிறது. சூலகமுடி விரிந்த முதல் சில மணி நேரத்தில்தான் நன்றாக ஏற்கும். அதாவது காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரைதான் அந்தப் பூவின் முழு வாய்ப்பும். கூலி ஆள் வேலைக்கு வரும் நேரமும், ஸ்பிரேயர் வாடகைக்குக் கிடைக்கும் நேரமும் அதேதான்.

பூக் காலத்தில் தத்துப்பூச்சி வந்தால் கொத்தோடு கருகும். சாம்பல் நோய் வந்தாலும் அதே கதி. மருந்தே வேண்டாம் என்று சொல்பவர் மா வைத்துப் பிழைத்தவராக இருக்க முடியாது. அந்த வாதத்தை நான் வைக்கவில்லை. பூங்கொத்து தலை காட்டும்போதே முதல் தெளிப்பை முடித்துவிட்டு, பூ முழுதாக விரிந்திருக்கும் நாட்களில் பூச்சிமருந்தைத் தவிர்க்க வேண்டும் என்பது தோட்டக்கலை ஆராய்ச்சியாளர்கள் வெகுகாலமாகச் சொல்லும் அறிவுரை. அது தோப்பில் நடப்பதில்லை என்பதற்கு விவசாயியின் அறியாமை காரணம் இல்லை. கிருஷ்ணகிரி வட்டாரத்தில் பல தோப்புகள் பூவிலேயே வியாபாரிக்குக் குத்தகைக்குப் போய்விடுகின்றன. குத்தகைதாரருக்கு அந்த ஒரு பருவம்தான் கணக்கு. அடுத்த வருடம் தோப்பில் ஈயும் தேனீயும் இருக்குமா என்பது அவருடைய கவலை ஆகாது. மருந்துக் கடையில் சொல்லும் கலவையை வாங்கி, இரண்டு மூன்று மருந்தை ஒரே தொட்டியில் ஊற்றி அடிப்பதுதான் அவருக்குப் பாதுகாப்பாகத் தெரிகிறது. இமிடாகுளோபிரிட் போன்ற ஊடுருவிப் பாயும் மருந்துகள் மரத்துக்குள் போய்த் தேனிலும் மகரந்தத்திலும் கலக்கக்கூடியவை. ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல் இந்த வகை மருந்துகளில் மூன்றைத் திறந்தவெளிப் பயிர்களுக்குத் தடை செய்தது இதே காரணத்துக்காகத்தான்.

மா மரம் எப்படியும் நூற்றில் தொண்ணூற்றொன்பது பூவை உதிர்த்துவிடுகிறதே, மகரந்தம் கூடக் கிடைத்தால் என்ன லாபம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கொத்துக்கு ஒன்றிரண்டு காய் நின்றாலே மரம் தாங்கும் அளவு வந்துவிடும். ஆனால் மரம் உதிர்ப்பது ஒரு தேர்வு. கரு கூடிய பல பிஞ்சுகள் இருந்தால் அவற்றில் நல்லதை வைத்துக்கொண்டு மற்றதை விடுகிறது. கூடிய பிஞ்சே நாலைந்துதான் என்றால் தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை. ஒரு காற்று, ஒரு வெயில் அதையும் கொண்டுபோகும். வலை போட்டுப் பூச்சி வராமல் தடுத்த கொத்துகளில் காய்ப் பிடிப்பு வெகுவாகக் குறைவதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பனிக் குளிரில் மகரந்தம் கெட்ட வருடங்களில், கரு பாதியில் நின்றுபோன, கொட்டை உருவாகாத குட்டிக் காய்கள் கொத்துக் கொத்தாகத் தொங்குவதை எந்தத் தோப்பிலும் பார்க்கலாம். அவை ஏலத்தில் ஒரு ரூபாய் பெறாது.

அரிசிக்கு இதில் என்ன?

வலுவான எதிர்வாதம் இன்னொன்று. நெல்லுக்கும் கோதுமைக்கும் பூச்சி தேவையில்லை. 2007-ல் அலெக்சாண்ட்ரா க்ளைன் தலைமையில் வெளியான ஆய்வு, உலகின் 115 முக்கிய உணவுப் பயிர்களில் 87 பயிர்கள் ஏதோ ஒரு அளவில் விலங்கு, பூச்சிகளின் சேர்க்கையை நம்பியிருக்கின்றன என்று சொன்னது. அதே ஆய்வு, உற்பத்தி அளவில் 60 சதவீதம் அப்படி நம்பாத பயிர்களிலிருந்தே வருகிறது என்றும் சொன்னது. அப்படியானால் பட்டினி வராது, பிறகு ஏன் இத்தனை பதற்றம்?

வயிறு நிரம்புவது வேறு, உடம்பு தேறுவது வேறு என்பதுதான் பதில். ரேஷன் அரிசி தட்டுப்பாடில்லாமல் கிடைக்கும் ஒரு மாநிலத்தில் பெண்களும் குழந்தைகளும் ரத்தசோகையோடு இருக்கிறார்கள். அவர்கள் தட்டில் குறைவது காய், பழம், பருப்பு, எண்ணெய் வித்து. வைட்டமின் ஏ, சி தரும் பயிர்களில் பெரும் பகுதி பூச்சியை நம்பியவை. பூசணி, கத்தரி, மா, கொய்யா விளைச்சல் குறைந்தால் பஞ்சம் என்று எந்த அரசாங்கமும் அறிவிக்காது; விலை மட்டும் ஏறும், வாங்க முடியாதவர் வாங்காமல் விடுவார். 2016-ல் கோலாலம்பூரில் கூடிய ஐ.நா. சார்ந்த பல்லுயிர் அறிவியல் மன்றம், உலக விளைச்சலில் நேரடியாகப் பூச்சி, விலங்குச் சேர்க்கையால் வருவதன் மதிப்பு ஆண்டுக்கு 23,500 கோடி முதல் 57,700 கோடி டாலர் வரை என்று மதிப்பிட்டது. அதில் நஷ்டம் வந்தால் முதலில் விழுவது சின்ன விவசாயியின் தலையிலும் ஏழையின் தட்டிலும்தான்.

நெல்லும் இந்த விஷயத்தில் தப்பித்துக்கொண்ட பயிர் அல்ல. நெல் பூ காலையில் விரிந்து ஒரு மணி நேரம் போல மட்டுமே திறந்திருக்கும். தன் மகரந்தத்தாலேயே கருவுறும், பூச்சி வேண்டாம். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் சரியாக உதிர்வதில்லை, முளைப்பதில்லை, கதிர் பதராகிறது. பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம், வெயில் ஏறுவதற்கு முன்பே விடிகாலையில் பூக்கும் ரகங்களை உருவாக்கப் பாடுபட்டது இதனால்தான். இந்தியாவில் 1901-க்குப் பிறகு அதுவரை பதிவான பிப்ரவரி மாதங்களில் 2023 பிப்ரவரியில்தான் பகல் வெப்பம் சராசரியாக மிக அதிகம் என்று வானிலைத் துறை அறிவித்தது. பிப்ரவரி, மா பூத்துப் பிஞ்சு பிடிக்கும் மாதம். பூச்சி சுமந்தாலும் காற்று சுமந்தாலும், பூவின் அந்த மணி நேரம் எல்லாப் பயிருக்கும் ஒரே அளவு முக்கியம்.

ஊக்கி மருந்து தெளித்து விதையில்லாமலே காய் பிடிக்க வைக்கலாமே என்பார்கள் சிலர். சில பயிர்களில் முடியும். வாழை இயற்கையிலேயே விதையின்றிப் பழுக்கும். விதையில்லாத் திராட்சைக்கு ஜிப்ரெலிக் அமிலம் தெளிப்பது தேனி, கம்பம் பள்ளத்தாக்கில் பழகிய விஷயம். ஆனால் ஏலக்காயில் நாம் விற்பதே விதையை. சூரியகாந்தியில், துவரையில், எள்ளில், கொத்தமல்லியில் விதைதான் பொருள். அங்கே ஊக்கிக்கு வேலையே இல்லை.

விளைச்சலைக் கூட்டிக் காட்டி என்ன பயன், விலைதான் விழும் என்ற குரலையும் ஒதுக்க முடியாது. 2025 கோடையில் தோத்தாபுரி மாங்காய் விலை சரிந்து, சித்தூரிலும் கிருஷ்ணகிரியிலும் விவசாயிகள் போராட்டத்தில் இறங்கினார்கள். கூழ் ஆலையும் குளிர்க்கிடங்கும் கொள்முதல் விலையும் தனிப் பிரச்சினை. அதை மகரந்தம் தீர்க்காது. நான் கேட்பது கூடுதல் விளைச்சலை மட்டும் அல்ல. ஒரு வருடம் கொட்டி, ஒரு வருடம் வெறுங்கை என்ற ஏற்ற இறக்கத்தில் ஒரு பகுதியாவது குறைய வேண்டும், மருந்துச் செலவு குறைய வேண்டும், இரண்டாம் ரகமாகப் போகும் காய் முதல் ரகமாக வேண்டும். அந்த மூன்றுமே விலை விழுந்த வருடத்தில்தான் விவசாயிக்கு அதிகம் தேவைப்படும்.

தேன் மட்டும் போதுமா?

அரசு சும்மா இருக்கிறது என்று சொல்ல முடியாது. மத்திய அரசு தேசியத் தேனீ வளர்ப்பு மற்றும் தேன் இயக்கத்துக்கு 2020-ல் மூன்று ஆண்டுகளுக்கு 500 கோடி ரூபாய் ஒதுக்கியது. மகரந்தச் சேர்க்கை வழியே விளைச்சலைக் கூட்டுவதும் அதன் நோக்கங்களில் ஒன்று. நடைமுறையில் தேனீ என்றாலே தேன் என்ற நினைப்புதான் மேலோங்கியிருக்கிறது. தேனுக்குப் பெயர் பெற்ற மார்த்தாண்டத்தில் பெட்டிகள் வைப்பது ரப்பர் தோட்டங்களில். அங்கே கிடைக்கும் தேன் ரப்பர் மரத்தின் இளந்தளிர் இலைக்காம்பில் சுரப்பது. தேனீ வளர்ப்பவருக்கு வருமானம், சந்தேகமில்லை. ஆனால் அதில் எந்தத் தோப்பிலும் ஒரு காய்கூடக் கூடுதலாகப் பிடிக்கவில்லை. 1991, 92-ல் தாய் சாக்புரூட் வைரஸ் தாக்கி தென்னிந்தியாவின் அடுக்குத் தேனீக் கூட்டங்கள் பெருவாரியாக அழிந்தபோதும், அந்த இழப்பைத் தேன் உற்பத்தி இழப்பாகத்தான் பேசினோம். ஏலத் தோட்டத்திலும் தென்னந்தோப்பிலும் காய்ப் பிடிப்பு எவ்வளவு குறைந்தது என்ற கணக்கு பொதுப்பேச்சுக்கு வரவே இல்லை.

செய்ய முடியும் என்பதற்கு நம்மிடமே சான்று இருக்கிறது. சூரியகாந்திக்கு மகரந்தச் சேர்க்கை ஒரு பரிந்துரையாகவே நம் சாகுபடிக் குறிப்புகளில் இடம்பெற்றிருக்கிறது: பூக்கும் நாட்களில் காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் ஒன்றுவிட்ட ஒரு நாள் பூத்தலைகளை மெல்லிய துணியால் தேய்க்க வேண்டும், ஹெக்டேருக்கு ஐந்து தேனீப் பெட்டி வைக்க வேண்டும். நாளும் மணியும் எண்ணிக்கையும் குறித்து ஒரு பயிருக்கு எழுத முடிந்தால் மாவுக்கும் முருங்கைக்கும் ஏலத்துக்கும் சீத்தாவுக்கும் எழுத முடியும். மழை அறிவிப்புப் போல, மாவட்டவாரியாகப் பூப்பருவ அறிவிப்பும் விவசாயியின் செல்போனுக்கு வரலாம்: இந்த இருபது நாட்கள் காலையில் பூச்சிமருந்து வேண்டாம் என்று. குத்தகைப் பத்திரத்தில் தண்ணீர், மின்சாரம், காவல் யார் பொறுப்பு என்று எழுதுவது போல, பூ முழுதாக விரிந்திருக்கும் நாட்களில் தெளிப்பதில்லை என்று ஒரு வரியை நில உரிமையாளர் சேர்க்கலாம். அதற்குச் செலவு ஏதுமில்லை.

தோப்பு வைத்திருப்பவர்கள் காய்ந்த பனந்தடியையும் பட்டுப்போன மூங்கிலையும் ஓரமாக விட்டுவையுங்கள். முருங்கைக்கும் கத்தரிக்கும் உழைக்கும் துளைத்தேனீக்கு அதுதான் வீடு. வரப்பில் துளசியும் தும்பையும் நிற்கட்டும், களைக்கொல்லி வேண்டாம். மருந்து தவிர்க்கவே முடியாத வருடத்தில், ஈயும் தேனீயும் அடங்கிய பிறகு, மாலை ஐந்து மணிக்கு மேல் ஸ்பிரேயரை எடுங்கள். மாடித் தோட்டத்துப் பூசணி பூத்தும் காய்க்காமல் உதிர்ந்தால் உரக்கடைக்கு ஓடுவதற்கு முன், காலை எட்டு மணிக்குள் ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, பெண் பூவின் நடுவில் தேய்த்துவிடுங்கள். பூவுக்குக் கீழே குட்டிப் பூசணி போல உருண்டை இருந்தால் அது பெண் பூ. பத்து நாளில் அந்த உருண்டை வளர்கிறதா, வாடுகிறதா என்று தெரிந்துவிடும்.